பழைய டம்ப் கார்ட்டுக்கு நியாயமான விலை எது?

அமெரிக்காவில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியவர்கள் சீக்கிரமே ஒரு கார்டன் டிராக்டரைத் தேட ஆரம்பிப்பார்கள். டிராக்டர் வந்ததும், அதன் பின்னால் மாட்ட ஒரு டம்ப் கார்ட் வேண்டும் என்று தோன்றும். மண், ஜல்லி, செடிகளின் அடியில் பரப்பும் மல்ச், விறகு, உதிர்ந்த இலை என்று எதையும் ஏற்றிக்கொண்டு போகலாம். தாழ்ப்பாளை விடுவித்தால் தொட்டி பின்பக்கமாகச் சாய்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிடும். 1960களிலும் 70களிலும் செய்த இரும்பு வண்டிகள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, கைமாறிக்கொண்டும் இருக்கின்றன.

புதிதாக வாங்க வருபவரைக் குழப்புவது விலைதான். ஒரே வாரத்தில், ஒரே கவுண்டியில், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு வண்டிகளில் ஒன்றுக்கு 60 டாலர் கேட்பார்கள், இன்னொன்றுக்கு 450 கேட்பார்கள். அடிமாட்டு விலைக்குக் கொடுப்பவர் ஏமாளி, யானை விலை சொல்பவர் ஏமாற்றுக்காரர் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். இரண்டுமே நியாயமாக இருக்கலாம். பழைய வண்டி ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலை உண்டு. அந்த வண்டி எவ்வளவு பாரத்தை எத்தனை வருடம் இழுக்கும் என்பதை வைத்து வருவது வேலை விலை. யார் செய்தது, எந்த டிராக்டரோடு சேர்ந்து விற்றது, எவ்வளவு அசலாக இருக்கிறது என்பதை வைத்து வருவது சேகரிப்பாளர் விலை. புதியவர்கள் பணத்தை விடுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: வேலைக்கு வண்டி தேடிப் போய், சேகரிப்பாளர் விலையைக் கொடுத்துவிட்டு வருவார்கள்.

முதலில் தேவையை முடிவு செய்யுங்கள்

வீட்டைச் சுற்றி மண் அள்ளத்தான் வண்டி என்றால் பெயரையும் நிறத்தையும் மறந்துவிடுங்கள். உங்கள் பழைய டிராக்டருக்குப் பொருத்தமான ஜோடி வேண்டும், அதையும் கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் பெயருக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறே இல்லை. எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பது விளம்பரங்களைப் பார்ப்பதற்கு முன்பே தெளிவாக இருக்க வேண்டும். பளபளக்கும் பச்சை பெயின்ட்டைப் பார்த்த பிறகு யோசித்தால் மனசு கேட்காது.

அப்புறம் அளவு. டம்ப் கார்ட்டின் கொள்ளளவைக் கன அடியில் சொல்வார்கள். 10 கன அடி வண்டிதான் அதிகம் கிடைக்கும். 17 கன அடி போன்ற பெரியவையும் உண்டு. மொத்தமாக வாங்கும் மல்ச்சையும் மண்ணையும் கன கஜத்தில் விற்பார்கள். ஒரு கன கஜம் 27 கன அடி. ஆகவே 10 கன அடி வண்டியில் ஒரு கன கஜம் மல்ச்சை மூன்று நடையில் எடுத்து முடிக்கலாம். கடையில் விற்கும் 2 கன அடி மல்ச் மூட்டை என்றால் ஒரு நடைக்கு ஐந்து மூட்டை.

விற்பவர் சொல்லும் அளவை அப்படியே நம்ப வேண்டாம். பலர் குவித்து ஏற்றிய அளவைச் சொல்வார்கள். தொட்டியின் உள் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அங்குலத்தில் அளந்து பெருக்கி, 1728 ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். 48 அங்குல நீளம், 32 அகலம், 12 ஆழம் உள்ள தொட்டி ஏறக்குறைய 10.7 கன அடி. நேரில் போவதற்கு முன்பே விற்பவரிடம் இந்த மூன்று அளவுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கொள்ளளவு வேறு, தாங்கும் பாரம் வேறு. ஈரமண்ணும் ஜல்லியும் கன அடிக்கு ஏறக்குறைய 100 பவுண்டு வரும். 10 கன அடித் தொட்டியை ஈரமண்ணால் நிரப்பினால் 1000 பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ. மெல்லிய தகட்டு வண்டி இதைத் தாங்காது. தாங்கினாலும், சரிவில் இறங்கும்போது அந்தப் பாரம் டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போகும். டிராக்டரின் கையேட்டில் இழுக்கக்கூடிய எடை போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வண்டியைத் தேடுங்கள்.

புது வண்டியின் விலைதான் அளவுகோல்

வேலை விலையைக் கணிக்க எனக்குத் தெரிந்த நேர்மையான வழி ஒன்றுதான். இதே கொள்ளளவில் இன்று கடையில் இருக்கும் புது இரும்பு வண்டியின் விலையை எழுதிக்கொள்ளுங்கள். வேலைக்காக வாங்குபவருக்குப் பழைய வண்டி அதைத் தாண்டக் கூடாது.

எவ்வளவு குறைய வேண்டும்? இங்கேதான் தகட்டின் தடிமன் வருகிறது. தகட்டை கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் கூடக் கூடத் தகடு மெலிந்துகொண்டே போகும். 20 கேஜ் இரும்புத் தகடு சுமார் 0.9 மில்லிமீட்டர், 18 கேஜ் 1.2, 16 கேஜ் 1.5, 14 கேஜ் 1.9, 12 கேஜ் 2.7. இரண்டு எண் வித்தியாசத்திலேயே தொட்டி எவ்வளவு மாறுகிறது பாருங்கள். பழைய வண்டிகளில் தடித்த தகட்டில் செய்தவை உண்டு. அதற்காகப் பழையது எல்லாமே தடித்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காலத்திலும் மலிவு விலைக்கென்று மெல்லிய வண்டிகள் செய்தார்கள். தொட்டியின் மேல் விளிம்பு மடிக்காமல் இருக்கும் இடத்தில் காலிப்பர் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். பெயின்ட்டின் தடிமனைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. ஓட்டை இல்லாமல், சக்கரம் சரியாகச் சுற்றி, உடனே வேலைக்கு இறக்கக்கூடிய பழைய வண்டிக்குப் புதியதின் விலையில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை கொடுக்கலாம். புது வண்டி 18 கேஜ், பழையது 14 கேஜ் என்றால் முக்கால் பங்கு வரை போகலாம். அதற்குமேல் கேட்டால் அது பெயருக்கான விலை. கீழ் எல்லை என்று பார்த்தால் பழைய இரும்பு விலைதான். இரும்புக்குப் பவுண்டுக்குச் சில சென்ட்தான் கிடைக்கும் என்பதால், மட்கிப்போன வண்டிக்கு இரும்பு மதிப்பே 20 டாலரைத் தொடாது.

யார் செய்த வண்டி?

சேகரிப்பாளர் விலை முழுக்க இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. அதனால் கொஞ்சம் வரலாறு தெரிந்திருப்பது காசுக்கு உதவும்.

வீல் ஹார்ஸ் என்ற டிராக்டர் நிறுவனம் 1946இல் இண்டியானாவின் சவுத் பெண்டில் தொடங்கியது; 1974இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் கைக்குப் போய், 1986இல் டோரோவிடம் வந்தது. சிவப்பு நிறம். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தன் முதல் கப் கேடட் டிராக்டரை 1961 மாடலாகக் கொண்டுவந்தது; மஞ்சளும் வெள்ளையும் அதன் அடையாளம். 1981இல் அந்தப் பிரிவை எம்டிடி வாங்கியது. ஜான் டியர் 1963இல் 110 என்ற டிராக்டரோடு இந்தத் துறைக்குள் வந்தது, விஸ்கான்சினின் ஹோரிகானிலிருந்து. அதே விஸ்கான்சினில் போர்ட் வாஷிங்டன் என்ற சிற்றூரில் சிம்ப்ளிசிட்டி, போலென்ஸ் என்ற இரண்டு நிறுவனங்களும் இருந்தன. சிம்ப்ளிசிட்டியை 1965இல் ஆலிஸ்-சால்மர்ஸ் வாங்கிக்கொண்டது. இந்தப் பெயர்களில் எது வண்டியில் நிஜமாகவே இருந்தாலும் அதைத் தேடி ஆள் வருவார். டிராக்டரை அழகாகப் புதுப்பித்தவர், அதே நிறுவனப் பெயரில் அதே காலத்து வண்டியும் வேண்டும் என்பார். கிராக்கி அங்கிருந்துதான் பிறக்கிறது. ஜான் டியரின் 80 என்ற இரும்பு வண்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதே நிறுவனம் பின்னாளில் விற்ற 10பி, 17பி வண்டிகளின் தொட்டி பிளாஸ்டிக். வேலைக்கு நல்லவைதான், ஆனால் சேகரிப்பாளர் அவற்றைத் தேடி வருவதில்லை. விளம்பரத்தில் ‘ஜான் டியர் வண்டி’ என்று மட்டும் இருந்தால் எது என்று கேளுங்கள்.

இன்னொரு பெரிய கூட்டம், டிராக்டர் நிறுவனங்களுக்கும் கடைகளுக்கும் துணைக்கருவிகள் செய்துகொடுத்த நிறுவனங்களின் வண்டிகள். 1839இல் கென்டக்கியில் தொடங்கிய பிரின்லி-ஹார்டி அதில் மூத்தது. இலினாய் மாநிலம் சலிவனில் இருக்கும் அக்ரி-ஃபாப் இன்னொன்று. சியர்ஸ் கடை கிராஃப்ட்ஸ்மேன் என்ற பெயரில் விற்ற வண்டிகள் வேறு நிறுவனங்கள் செய்து கொடுத்தவை. மாடல் எண்ணில் புள்ளிக்கு முன்னால் இருக்கும் மூன்று இலக்கம் செய்தவரைச் சொல்லும். 486 என்று இருந்தால் அது அக்ரி-ஃபாப். வேலைக்கு வண்டி தேடுபவருக்கு இது நல்ல செய்தி. கிராஃப்ட்ஸ்மேன் பெயருக்கு யாரும் கூடுதலாகக் கொடுப்பதில்லை. ஆனால் செய்தவர் யார் என்று தெரிந்துவிட்டால் புஷ் (சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே இருக்கும் உறை), தாழ்ப்பாள், சக்கரம் எல்லாம் தேடிப் பிடிப்பது சுலபம்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வரவே வராதீர்கள். ஒரு டப்பா பச்சை பெயின்ட்டும் ஒரு டப்பா மஞ்சளும் இருந்தால் எந்த வண்டியையும் ஜான் டியர் ஆக்கிவிடலாம். பழைய மாடல்களுக்கான ஸ்டிக்கர்களைப் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். அதுவும் சாட்சி ஆகாது. சாட்சி எங்கே இருக்கிறது என்றால், அடித்துப் பதித்த எண்களில், உலோகப் பெயர்த்தகட்டில், தாழ்ப்பாளின் வடிவத்தில், பின்கதவு மாட்டும் விதத்தில், தொட்டியில் அழுத்திய வரிகளின் எண்ணிக்கையில். அந்த மாடலின் பாகப் பட்டியல் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஜான் டியரின் பாகப் பட்டியலை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். வீல் ஹார்ஸின் பழைய கையேடுகளை டோரோ தன் தளத்தில் வைத்திருக்கிறது. படத்தோடு பொருந்தவில்லை, பெயர்த்தகடும் இல்லை என்றால், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது பெயரில்லாத வண்டிதான். வேலை விலையை மட்டும் சொல்லுங்கள்.

நேரில் பார்க்கும்போது

எந்த வண்டியானாலும் தொட்டியை முழுக்கக் காலி செய்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். இலையோ மண்ணோ கிடந்தால் அள்ளிப் போடச் சொல்லுங்கள், அல்லது நீங்களே அள்ளுங்கள். இந்த வண்டிகள் சாவது அடித்தகட்டில்தான். ஈர இலை, எரு, ரசாயன உரம் மூன்றும் மாதக்கணக்கில் உள்ளே கிடந்திருக்கும். அதிலும் உரத்தின் உப்பு, பெயின்ட்டுக்கு அடியில் புகுந்து இரும்பைத் தின்றுவிடும்.

துரு இரண்டு வகை. மேலோட்டமாகச் செம்பழுப்பாகப் படர்ந்து, கம்பித் தூரிகையால் தேய்த்தால் கீழே கெட்டியான இரும்பு தெரிந்தால் அது பயப்பட வேண்டிய துரு இல்லை. செதில் செதிலாக உரிகிறது, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டினால் கணீரென்ற ஒலி வராமல் மந்தமாகக் கேட்கிறது என்றால் தகடு மெலிந்துவிட்டது. தட்டிப் பார்க்க வேண்டிய இடங்கள்: முன்சுவரும் அடித்தகடும் சேரும் மடிப்பு, பின்கதவு உட்காரும் தவாளிப்பு, அச்சைத் தாங்கும் பட்டைகளுக்கு நேர் மேலே. பிறகு தொட்டியைச் சாய்த்துவிட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிச்சம் ஊசிமுனைகளாகத் தெரிந்தால் அங்கே தகடு முடிந்துவிட்டது.

புது பெயின்ட் அடித்த வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஓட்டையை அடைத்துப் பட்டி பார்த்து, மேலே பெயின்ட் அடித்திருக்கலாம். சின்னக் காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். தகடு முழுவதும் ஒட்டி வரும் காந்தம் ஓரிடத்தில் பிடியை விட்டால் அங்கே பட்டி இருக்கிறது. உள்ளே புது பெயின்ட், அடியில் பழைய துரு என்று இருந்தாலும் அதே சந்தேகம்தான். என்னைக் கேட்டால், தேய்ந்து மங்கிய அசல் பெயின்ட்டோடு நிற்கும் வண்டியைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். அதில் மறைக்க எதுவும் இல்லை. சேகரிப்பவர்களில் பலர் அதற்குத்தான் கூடுதலாகவும் கொடுப்பார்கள்.

அடுத்து சக்கரம். வண்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். தடங்கல் இல்லாமல் சுற்ற வேண்டும். பிறகு டயரின் மேலும் கீழும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருப்பது இயல்பு. தலையாட்டுவது போல ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது. புஷ் மலிவு, ஒன்று சில டாலர்தான். ஆனால் புஷ் இல்லாமலேயே வருடக்கணக்கில் ஓட்டியிருந்தால் அச்சின் அடிப்பக்கத்தில் பள்ளம் விழுந்திருக்கும், ரிம்மின் நடுத்துளை முட்டை வடிவமாகியிருக்கும். அப்போது செலவு வேறு ரகம். சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். ஒரு பின்னை இழுத்தால் வந்துவிடும். வரவில்லை என்றால் அச்சோடு துருப்பிடித்து ஒட்டிவிட்டது, அதையும் கணக்கில் சேருங்கள். அச்சின் விட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முக்கால் அங்குலம் அல்லது ஒரு அங்குலமாக இருக்கும். மாற்றுச் சக்கரம் வாங்க அந்த எண் தேவைப்படும்.

டயரின் பக்கவாட்டில் அளவு எழுதியிருக்கும். 16×6.50-8 என்றால் உயரம் 16 அங்குலம், அகலம் 6.5, ரிம் 8 அங்குலம். இது சுலபமாகக் கிடைக்கும் அளவு. 18×8.50-8உம் அப்படியே. வெடித்த பழைய டயரைப் பார்த்துப் பயந்து ஓட வேண்டாம், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு டயரும் ட்யூபுமாகச் சேர்த்து 70 முதல் 100 டாலர் ஆகும் என்று வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது. ‘காற்றுதான் இறங்கியிருக்கிறது’ என்று விற்பவர் சொன்னால், கையில் கொண்டுபோன பம்பினால் அவர் முன்னாலேயே அடித்துப் பாருங்கள். அடித்துவிட்டு மற்றதைச் சோதித்து முடிப்பதற்குள் இறங்கிவிட்டால் டயரின் முழுச் செலவையும் கழியுங்கள்.

இழுவைத் தண்டு வளைந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பாருங்கள். ஒரு பக்கமாக வளைந்த தண்டு, அதிகப் பாரத்தோடு இந்த வண்டியைத் திருப்பியிருக்கிறார்கள் என்று சொல்லும். அந்த வண்டியில் மற்ற இடங்களையும் இரண்டு முறை பார்க்க வேண்டும், முக்கியமாகத் தண்டு தொட்டியோடு சேரும் மூட்டில் வெல்டிங் விரிசல் இருக்கிறதா என்று. பழைய விரிசலை யாராவது ஒழுங்காகப் பற்றவைத்திருந்தால் வேலைக்குப் பாதகமில்லை. சேகரிப்பாளருக்கு அது குறை.

தாழ்ப்பாளைப் பல முறை திறந்து மூடுங்கள். தானாகவே ‘டக்’ என்று விழ வேண்டும். சரிவில் பாரத்தோடு போகும்போது தாழ்ப்பாள் நழுவினால் முழுச் சுமையும் வழியில் கொட்டும். ஸ்பிரிங் போயிருந்தால் எந்த ஹார்டுவேர் கடையிலும் மாற்று கிடைக்கும். வார்ப்பு இரும்பில் செய்த தாழ்ப்பாள் உடைந்திருந்தால் அப்படிக் கிடைக்காது.

பின்கதவைத் தனியாகச் சொல்ல வேண்டும். தூக்கி எடுக்கக்கூடிய கதவு என்பதால் எத்தனையோ கதவுகள் கொட்டகை மூலையில் தொலைந்துபோயின. வேலைக்கு வாங்குபவர் ஒரு தடித்த பிளைவுட் பலகையை அறுத்து மாட்டிக்கொள்ளலாம், அதற்காக 15, 20 டாலர் கழித்தால் போதும். பெயருள்ள வண்டியில் அசல் கதவு இல்லை என்றால் நான் மூன்றில் ஒரு பங்கு விலையையாவது கழிப்பேன். கதவு மட்டும் தனியாகக் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விற்பவர் வைத்ததுதான் விலை.

விற்ற விலையைத் தேடுங்கள்

கிரெய்க்ஸ்லிஸ்ட்டிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் நீங்கள் பார்ப்பது கேட்கும் விலை. 450 டாலர் என்று நான்கு மாதமாகத் தொங்கும் விளம்பரம் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: அந்த விலைக்கு வாங்க ஆள் வரவில்லை. விற்பவர்களும் ஒருவரையொருவர் பார்த்துத்தான் விலை வைக்கிறார்கள் என்பதால், விற்காத விலையே சந்தை விலை போலப் பரவிவிடும்.

ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. விலையின் மேல் கோடு அடித்திருந்தால், பேரத்தில் அதைவிடக் குறைவாக விற்றிருக்கிறது என்று பொருள்; எவ்வளவு என்று காட்டாது. ஏல நிறுவனங்களின் முடிந்த ஏலப் பக்கங்கள் இன்னும் நம்பகமானவை. பார்க்கும்போது வண்டியின் நிலை, ஊர், மாதம் மூன்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆறேழு விற்பனை சேர்ந்தாலே ஒரு வரம்பு கண்ணுக்குத் தெரியும். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிடுங்கள். ஏலத்தில் இரண்டு பேர் பிடிவாதமாக மோதியதாலும் விலை ஏறியிருக்கும்.

பொருள்களை நேரில் பார்த்துப் பழக வேண்டும் என்றால் பழைய டிராக்டர் கண்காட்சிகளுக்குப் போங்கள். இண்டியானாவின் போர்ட்லேண்டில் ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் பழைய இன்ஜின், டிராக்டர் கண்காட்சியில் பெரிய பழம்பொருள் சந்தையும் உண்டு. அயோவாவின் மவுண்ட் பிளசன்ட்டில் தொழிலாளர் தின வார இறுதியை ஒட்டி நடப்பதும் பெயர் பெற்றது. ஒரு நாள் சுற்றிவந்தால் தகட்டின் தடிமன் கைக்குப் பழகிவிடும். இந்தப் பொருளையே வாழ்நாள் முழுவதும் நேசித்த முதியவர்கள் அங்கே இருப்பார்கள். கேட்டால் அலுக்காமல் சொல்வார்கள். இந்த வண்டிகளைப் பற்றி அவர்களிடம் கற்றுக்கொள்வதற்கு ஈடாக வேறொன்றும் எனக்குத் தெரியாது.

கணக்குப் போடுவோம்

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பெயர் தெரியாத 10 கன அடி இரும்பு வண்டி, 16 கேஜ், அடித்தகடு கெட்டி, இரண்டு டயரும் வெடித்தவை, புஷ் தேய்ந்திருக்கிறது. விற்பவர் 150 டாலர் கேட்கிறார். இதே அளவில் புது வண்டி உங்கள் ஊர்க் கடையில் 300 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நல்ல நிலையில் இருந்திருந்தால் அறுபது சதவீதம், அதாவது 180. டயருக்கு 80, புஷ்ஷுக்கும் பின்னுக்கும் 10 கழித்தால் மீதி 90. இதுதான் நியாயமான வேலை விலை. 75இல் ஆரம்பித்து 90, 95இல் முடிக்கலாம். 150 கொடுத்தால், டயரும் புஷ்ஷும் மாற்றிய பிறகு உங்களுக்கு 240 டாலர் ஆகிவிடும். இன்னும் 60 டாலர் போட்டால் புதியதே வந்துவிடும்.

அதே வண்டியில் அடித்தகடும் மட்கியிருந்தால்? புதுத் தகடு வெட்டி, நீங்களே பற்றவைக்கத் தெரிந்தவர் என்றால் தகடு, கம்பி, பெயின்ட் என்று பொருள் செலவு மட்டும்தான். வெளியே கொடுத்தால் 100 டாலரைச் சுலபமாகத் தாண்டும். அப்போது மேலே வந்த 90 டாலரும் போய்விட்டது. வெல்டிங் தெரியாதவர் அந்த வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

பெயருள்ள வண்டிக்குக் கணக்கு மாறும். அங்கே புது வண்டியின் விலையிலிருந்து ஆரம்பிக்காமல், விற்ற விலைகளின் வரம்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முழுமையான, அசலான வண்டி அந்த வரம்பின் மேல் பாதியில் நிற்கும். கதவு இல்லை, சக்கரம் மாற்றியது, தொட்டியில் துளை போட்டு எதையோ மாட்டியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கீழே இறங்குங்கள். அசல் அல்லாத டயர் மட்டும் பெரிய குறை இல்லை. அதன் வேலை விலை எவ்வளவு என்பதையும் ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தொகைதான் பெயருக்கு நீங்கள் கொடுப்பது. அந்தத் தொகையைக் கண்ணால் பார்த்த பிறகும் வண்டி பிடித்திருந்தால் தாராளமாக வாங்கலாம்.

தூரமும் காலமும்

வெளிமாநிலத்தில் மலிவாக ஒன்று தென்படும். போய்வரும் செலவைச் சேர்க்காமல் அது மலிவு என்று சொல்ல முடியாது. அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தொழில் பயணத்துக்கு 2024இல் வைத்த கணக்கு மைலுக்கு 67 சென்ட். அதன்படி போகவர 100 மைல் என்றால் 67 டாலர். மேலே சொன்ன 90 டாலர் வண்டிக்கு இது என்ன செய்யும் என்று பாருங்கள். சாதாரண வண்டிக்கு முப்பது மைலுக்குள் தேடுங்கள். அரிய வண்டி என்றால் மட்டும் தூரம் போகலாம், அதுவும் அந்தப் பக்கம் வேறு வேலை இருந்தால் நல்லது.

இளவேனிலில், எல்லோரும் தோட்டத்தில் இறங்கும் ஏப்ரல், மே மாதங்களில் விலை உச்சத்தில் இருக்கும். இலை அள்ளி முடித்து, பனி விழுவதற்கு முன் கராஜைக் காலி செய்யும் நாள்களில் இறங்கும். பொறுக்க முடிந்தவர் அப்போது வாங்கலாம்.

ஏலத்துக்குப் போகிறீர்கள் என்றால் வாங்குபவர் கட்டணம் எத்தனை சதவீதம் என்று முதலிலேயே பாருங்கள். 15 சதவீதம் என்றால் 200 டாலருக்குக் கை தூக்கியவர் 230 கட்ட வேண்டும், அதற்குமேல் மாநில விற்பனை வரி. உங்கள் உச்ச வரம்பை இதெல்லாம் சேர்த்த தொகையாக ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேசி முடிப்பது

கிளம்புவதற்கு முன் விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: காலித் தொட்டியின் உள்பக்கம், சாய்த்த நிலையில் அடிப்பக்கம், சக்கரத்தின் நடுப்பகுதி, பெயர்த்தகடு. அடிப்பக்கப் படத்தை மட்டும் அனுப்பாமல் நழுவினால் அந்தப் பயணத்தைத் தவிர்த்துவிடலாம்.

பேரம் பேசும்போது வண்டியைக் குறை சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பலருக்கு அது அப்பாவோ தாத்தாவோ பயன்படுத்திய வண்டி. ‘வண்டி நன்றாக இருக்கிறது, டயருக்கு 80 டாலர் ஆகும், அதனால் என்னால் 85 தர முடியும்’ என்று கணக்கைத் திறந்து சொல்லுங்கள். காரணத்தோடு சொன்ன தொகையை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஒத்துவரவில்லை என்றால் உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டு வாரம் கழித்து அழைப்பு வருவது சகஜம். கேட்கும் விலை உங்கள் கணக்கைவிடக் குறைவாக இருந்தால் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள், அதுதான் மரியாதை.

வண்டியை காரின் பின்னால் கட்டி நெடுஞ்சாலையில் இழுத்துப் போகலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த டயரும் புஷ்ஷும் நடை வேகத்துக்குச் செய்தவை. பிக்கப்பிலோ டிரெய்லரிலோ ஏற்றிப் பட்டையால் கட்டுங்கள். இழுவைத் தண்டைக் கழற்றினால் இடம் பாதியாகும். வீட்டுக்கு வந்து சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால், 1978க்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். முகமூடி போட்டு, ஈரமாக்கித் தேய்த்து, குழந்தைகளை அருகில் விடாமல் செய்யுங்கள்.

பணத்தைக் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒரு முறை கொட்டகையைச் சுற்றிப் பாருங்கள். பின்கதவு, மாட்டும் பின், தாழ்ப்பாளின் கைப்பிடி, பழைய கையேடு என்று வண்டிக்குச் சொந்தமான ஏதாவது சுவரில் தொங்கிக்கொண்டிருக்கலாம். கேட்டால் சேர்த்தே கொடுத்துவிடுவார்கள்.